வாசகர் கேள்வி-பதில்: கைதான நேரத்தை எழுதி வையுங்கள்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள். வெளியூரில் லாரி உதவியாளராக இருக்கும் என் மகனை ஒரு வெள்ளிக்கிழமை மாலை போலீசார் பிடித்துச் சென்றார்கள். சோற்றுப் பொட்டலத்தோடு அந்த ஊர் நிலையத்துக்குப் போய் விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்ன குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் மாலை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் ‘நாலு நாள் ரிமாண்ட்’ வாங்கினார்கள். பிறகு குற்றச்சாட்டு எதுவுமின்றி விட்டுவிட்டார்கள். போலீஸ் நினைத்தால் எத்தனை நாளும் உள்ளே வைக்கலாம் என்று எங்கள் லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதானா?

பதில்: உண்மையில்லை, அம்மா. நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி, கைதான ஒருவரைத் தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்றும், அவருடைய உத்தரவு இல்லாமல் அதற்குமேல் காவலில் வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அவரிடம் கொண்டுசெல்லும் பயணத்துக்குத் தேவைப்படும் நேரம் மட்டுமே இந்தக் கணக்கில் சேராது; சனி, ஞாயிறு என்பதற்காகக் கணக்கு நிற்பதில்லை. அதே விதி, கைதுக்கான காரணத்தை இயன்ற விரைவில் அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச அவரை விட வேண்டும் என்றும் கூறுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ‘வெள்ளிக்கிழமை மாலை’ பிடித்தார்கள், ‘மறுநாள் மாலை’ கொண்டுபோனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி மாலை 4 மணிக்குப் பிடித்து, சனி மாலை 6 மணிக்கு நிறுத்தியிருந்தால், இடைப்பட்ட பயணம் குறுகியதாக இருக்கும்பட்சத்தில், அரசமைப்புச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது. 6 மணிக்குப் பிடித்து 4 மணிக்கு நிறுத்தியிருந்தால் மீறப்படவில்லை. உங்கள் மகனுக்கு நேர்ந்தது முறையா, முறைகேடா என்பது அந்த இரண்டு மணி நேரத்தில் இருக்கிறது. அந்த நேரமோ நம் கையில் இல்லை. ஆகவே, யாரையாவது பிடித்துச் செல்லும்போது, கைப்பேசியில் மணி பார்த்து, கிடைத்த தாளில், சோற்றுப் பொட்டலத்தின் மேலேயே ஆனாலும் சரி, நேரத்தையும் இடத்தையும் பிடித்துச் சென்ற அதிகாரியின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும் என்று நம் தோட்டத்து மக்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரிமாண்டுக்கும் எல்லை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் முதல்முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு 7 நாளும் மறுபடி 7 நாளும் உச்ச அளவு. மாஜிஸ்திரேட் வெறுமனே கையெழுத்துப் போடுபவர் அல்லர். போலீசார் தம் விசாரணை நாட்குறிப்பின் நகலை அவரிடம் தர வேண்டும், பிடிபட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ சொல்வதையும் அவர் கேட்க வேண்டும். உங்கள் மகன் வாய் திறந்து பேசியிருக்கலாம். பேசலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். அதே சட்டத்தின் 28ஏ பிரிவின்படி, விசாரிக்கத் தொடங்கும் முன்பே உறவினர் ஒருவருடனும் வழக்கறிஞருடனும் பேசலாம் என்று போலீசார் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கூட்டாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற நியாயமான அச்சம் இருந்தால் உயர் அதிகாரி அதை மறுக்கலாம். வழக்கறிஞரைக் காணும் உரிமை கைதான கணமே பிறந்தாலும் உடனே பயன்படுத்தும்படி வற்புறுத்த முடியாது என்று 1975-இல் ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பின் நிழலில் எத்தனையோ பேர் வழக்கறிஞரைப் பாராமலே லாக்கப்பில் நாள் கழித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

காவல் சட்டவிரோதமானது என்று தோன்றினால் பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவை உயர்நீதிமன்றத்தில் போடலாம்; அதையும் 5-ஆவது விதியே தருகிறது. பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, ரிமாண்ட் நிலையிலேயே வழக்கறிஞரை அனுப்புகிறது.

கேள்வி: என் தாத்தாவை அவசரகாலத்தில் விசாரணையின்றி அடைத்து வைத்தார்களாம். இப்படி ஓர் உரிமை இருந்தும் பின்னாளில் இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் எப்படி வந்தது? (கல்லூரி மாணவர், தஞ்சோங் மாலிம்)

பதில்: உங்கள் தாத்தா காலத்தில் அந்த உரிமையே எழுதப்படவில்லை, தம்பி. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளைக் கொண்டு ஆட்களை விசாரணையின்றி அடைத்தார்கள், நாடு கடத்தினார்கள், லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். உணவு காட்டிலிருந்த அந்தக் கிளர்ச்சியாளர்களிடம் போய்விடக் கூடாது என்று வேலி வாசலில் சோதனை நடந்ததால், வெறும் வயிற்றோடு போய்ப் பால்மரம் வெட்டிவிட்டுத் திரும்பி வந்துதான் கஞ்சி குடித்தோம் என்று என் பாட்டி சொல்வார். உங்கள் ஊரே 1952 மார்ச்சில் மொத்தமாகத் தண்டிக்கப்பட்டது. பக்கத்தில் நடந்த தாக்குதலுக்காக பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார்.

இதெல்லாம் முடிவதற்கு முன்பே, 1956-57-இல், ரீட் பிரபு தலைமையில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளைச் சேர்ந்த ஐவர் நம் அரசமைப்புச் சட்டத்தை வரைந்தார்கள். 5 முதல் 13 வரையிலான விதிகளில் அடிப்படை உரிமைகள் வந்தன. ஆனால் 149-ஆவது விதியும் வந்தது. நாட்டுக்கு எதிரான சதியைத் தடுக்க நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் 5-ஆவது விதிக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்றது அது. வீட்டுக்குக் கதவு வைத்தவர்களே பின்சுவரில் ஒரு வழியும் விட்டார்கள். அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியாக உள்ளே வந்தது. 60 நாள் போலீஸ் காவல், அதன்பின் அமைச்சர் கையெழுத்தில் இரண்டு ஆண்டு, அதையும் திரும்பத் திரும்ப நீட்டிக்கலாம். அமைச்சர் கொண்ட முடிவுக்குப் போதிய ஆதாரம் உண்டா என்று நாங்கள் ஆராய முடியாது என்று 1969-இல் கரம் சிங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றமே ஒதுங்கிக்கொண்டது. 1987 அக்டோபரில் ‘லாலாங்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோரும், 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவரும் இச்சட்டத்தில்தான் பிடிக்கப்பட்டார்கள்.

2012-இல் இசா நீக்கப்பட்டு, சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. அதில் மாஜிஸ்திரேட்டைப் பாராமலே போலீசார் 28 நாள் வரை வைத்திருக்கலாம். இரண்டு ஆண்டு என்பது 28 நாளாகக் குறைந்தது முன்னேற்றமே. ஆனாலும் அந்த 28 நாளில் பிடிபட்டவரை ஒரு நீதிபதி கண்ணால் காண்பதில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: என் தாயாரிடம் இன்னும் நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது. இந்த உரிமைகள் அவருக்கும் உண்டா? (வாசகி, கோலகங்சார்)

பதில்: உண்டு. 5-ஆவது விதி குடிமகன் என்று சொல்லவில்லை, ‘எந்த ஒருவரும்’ என்கிறது. சட்டத்தின் முன் சமம் என்னும் 8-ஆவது விதியும், சமய உரிமை தரும் 11-ஆவது விதியும் அப்படியே. பேச்சு, கூட்டம், சங்கம் ஆகியவற்றுக்கான 10-ஆவது விதியோ குடிமக்களுக்கே உரியது. குடியுரிமை இல்லாத ஒருவரைக் குடிநுழைவுச் சட்டத்தில் பிடித்தால் 24 மணி நேரம் 14 நாளாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். வெளியே போகும்போது அந்தச் சிவப்பு அட்டை அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும், அதன் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.