ஒரு கருவா, இரண்டா? முதலில் இன்சூரன்ஸ் கார்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். எனக்கு 33 வயது. முதல் ஐவிஎஃப் (சோதனைக் குழாய் கருத்தரிப்பு) கைகூடவில்லை, மொத்தச் செலவும் எங்கள் கைக்காசு. இன்னும் ஒரு தடவைக்குத்தான் பணம் இருக்கிறது, அதனால் இந்த முறை இரண்டு கரு வைக்கச் சொல்லலாம் என்கிறார் கணவர். அவருக்கு நியூ ஜெர்சியில் ஒரு வேலை வந்திருக்கிறது, அங்கே இன்சூரன்ஸே கொடுக்குமாம். ஆனால் இன்சூரன்ஸ் கொடுக்கும் மாநிலங்களில் வெற்றி விகிதம் குறைவு என்று படித்தேன். போகலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதி விஷயம். 1998-ம் ஆண்டு கிளினிக் கணக்குகளை வைத்து 2002-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. முழு இன்சூரன்ஸ் கட்டாயமான மாநிலங்களில் ஒரு முயற்சிக்கு இத்தனை வெற்றி என்று பார்த்தால் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சட்டமே இல்லாத மாநிலங்களை விட அங்கே ஐவிஎஃப் இரண்டரை மடங்குக்கும் மேல் நடந்தது, ஒரு தடவைக்கு வைத்த கருக்கள் குறைவு, மூன்று குழந்தைகள் ஒன்றாக உருவாவதும் குறைவு. அடுத்த வாய்ப்பு உண்டு என்று தெரிந்தால் யாரும் அவசரப்பட மாட்டார்கள், இது கடைசிக் காசு என்றால்தான் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் தோன்றும். உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் பேச்சு அதேதான்.

உங்கள் கணவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் இரட்டைக் குழந்தை என்பது போட்டோவில் பார்க்கிற மாதிரி இல்லை. பாதிக்கும் மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன, தாய்க்கு ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. 35 வயதுக்குக் கீழே, நல்ல தரமான கரு இருந்தால் ஒன்றே வையுங்கள் என்பதுதான் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் அறிவுரை. கனடாவின் கியூபெக்கில் 2010-ல் அரசே செலவை ஏற்று, பெரும்பாலும் ஒரு கருதான் என்று விதி வைத்ததும், நான்கில் ஒன்றுக்கு மேல் இருந்த பல்கருத்தரிப்பு (ஒரே கர்ப்பத்தில் ஒன்றுக்கு மேல் குழந்தைகள்) மளமளவென்று பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இன்னொன்றை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையோ என்னவோ. பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் ஊசி மருந்தும் கருமுட்டை எடுப்பதும்தான். இரண்டு கரு கிடைத்தால் ஒன்றை வைத்துவிட்டு மற்றதை உறைய வைக்கலாம். பிறகு அதை எடுத்து வைக்க முழு ஐவிஎஃப் செலவு ஆகாது. முழு ஐவிஎஃப்புக்கு எவ்வளவு, உறைந்த கருவை வைக்க எவ்வளவு என்று டாக்டரிடம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சரி, நியூ ஜெர்சி. டெக்சாஸ் சட்டம், ஐவிஎஃப்பையும் பிளானில் சேர்க்கட்டுமா என்று இன்சூரன்ஸ் கம்பெனி முதலாளியிடம் கேட்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது, வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். நியூ ஜெர்சியில் 2001 முதல், 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களின் குரூப் இன்சூரன்ஸில் இது கட்டாயம். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பெரிய கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன, இன்சூரன்ஸ் கம்பெனி பில்லைக் கவனிக்க மட்டும்தான். அப்படிப்பட்ட பிளானை, எரிசா என்ற 1974-ம் ஆண்டு மத்திய அரசுச் சட்டப்படி, மாநில விதி கட்டுப்படுத்தாது. கார்டில் பிரபலமான பெயர் இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் ‘நிர்வாகம் மட்டும்’ என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கலாம். அப்படி இருந்தால் மாநிலம் மாறியதால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. சட்டம் கட்டாயப்படுத்தாமலேயே இதைக் கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு, அப்படி ஒன்று டெக்சாஸிலேயே கிடைத்தால் ஊரையே மாற்றத் தேவையில்லை.

எனவே புது ஆபீஸின் எச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், போனில் வேண்டாம்: பிளான் செல்ஃப் ஃபண்டடா (செலவைக் கம்பெனியே ஏற்பது), ஃபுல்லி இன்ஷூர்டா (இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்பது)? எத்தனை முறை கருமுட்டை எடுக்கலாம்? ஏற்கெனவே செய்த ஒரு முறையைக் கணக்கில் கழிப்பார்களா? மருந்து இதில் அடங்குமா? வாழ்நாள் உச்சவரம்பு உண்டா? பதில் எழுத்தில் வரும்வரை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள்.