மிலான்: ரயிலைப் பின்னால் தள்ளுங்கள்

வணக்கம்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் மனைவியும் அம்மாவும் இத்தாலி போகிறோம். ஞாயிறு மாலை மிலான் மல்பென்சா விமான நிலையத்தில் இறங்குகிறோம். திங்கள் முழுக்க மிலான். செவ்வாய் காலை 8 மணி ரயிலில் வெனிஸ், பிறகு ஃப்ளாரன்ஸ், ரோம். ரோமிலிருந்து ஊருக்கு விமானம். டாவின்சியின் ‘இறுதி இராவுணவு’, பெரிய தேவாலயம், கொஞ்சம் ஷாப்பிங், இதற்கு ஒரு நாள் போதும்தானே? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம், முட்டையும் சேர்க்கமாட்டார்.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நாள் போதும், கிழமைதான் இடிக்கிறது. ‘இறுதி இராவுணவு’ ஒரு பழைய துறவி மடத்தின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் இருக்கிறது. அந்தக் கூடம் திங்கட்கிழமை திறக்காது. ப்ரேரா ஓவியக்கூடத்துக்கும் ஸ்ஃபோர்ஸா கோட்டை அருங்காட்சியகங்களுக்கும் அன்றுதான் விடுமுறை. மூன்றும் மூடியிருக்கும் நாளைத்தான் நீங்கள் மிலானுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

இதற்காக ஓர் இரவு கூடுதலாகத் தங்க வேண்டியதில்லை. வெனிஸ் ரயிலை செவ்வாய் காலையிலிருந்து பிற்பகலுக்கு மாற்றினால் போதும். மிலானிலிருந்து வெனிஸுக்கு வேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். காலையில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, ஓட்டலில் விட்ட பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டே ரயிலேறலாம். ஆனால் ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிடாதீர்கள். மிக மலிவான கட்டணத்தில் எடுக்கும் டிக்கெட்டைப் பெரும்பாலும் மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. ஓவியத்துக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு ரயில், அதன் பிறகு மற்றவை.

ஓவியத்தைப் பார்க்கும் டிக்கெட் ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது என்பதற்குக் காரணம் சுவரில் இருக்கிறது. ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டினால் நிறம் சுவரோடு சுவராகிவிடும். ஆனால் பூச்சு காய்வதற்குள் வேகமாக முடிக்க வேண்டும். லியனார்டோ டாவின்சிக்கு அந்த அவசரம் ஒத்துவரவில்லை. 1495 முதல் 1498 வரை, காய்ந்த பூச்சின் மேல் நிதானமாகத் தீட்டினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் துறவிகள் சமையலறைப் பக்கம் வாசல் வைக்கிறோம் என்று இயேசுவின் பாதங்களையே வெட்டினார்கள். 1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் நொறுங்கின. மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் ஓவியச் சுவர் தப்பியது. 1978இல் தொடங்கிய சீரமைப்பு 1999இல்தான் முடிந்தது. இன்று ஒவ்வொரு குழுவையும் கண்ணாடிக் கதவுகளுக்கிடையே நிறுத்தி வைத்து, தூசியும் ஈரமும் குறைந்த பிறகே உள்ளே விடுகிறார்கள். சிறு சிறு குழுக்கள், ஒரு குழுவுக்கு 15 நிமிடம். அதனால்தான் டிக்கெட் குறைவு.

சில மாதங்களுக்கான டிக்கெட்டை மொத்தமாக, அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே விற்பார்கள். விற்பனை தொடங்கும் தேதியைக் குறித்துவைத்து அன்றே வாங்குங்கள். தவறினால் வழிகாட்டியோடு சேர்த்து விற்கும் நிறுவனங்கள்தான் கதி, விலை பல மடங்கு. டிக்கெட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். நம் இனிஷியல் குழப்பத்தை அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். உங்கள் குழு உள்ளே போய்விட்டால் அவ்வளவுதான்.

உள்ளே போனதும் எல்லோரும் சுவரை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஓவியத்தில் உள்ள கூரை, சுவர்க் கோடுகள் எல்லாம் இயேசுவின் நெற்றிப்பொட்டருகே போய்ச் சேர்வது தூரத்திலிருந்துதான் தெரியும். கோடு இழுக்க ஆணி அடித்த துளை அங்கே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஓவியத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. கூடத்தின் நிஜ ஜன்னல்களும் அந்தப் பக்கம்தான். கடைசி இரண்டு நிமிடம் திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். மோந்தோர்ஃபானோ 1495இல் ஈரச் சுண்ணாம்பில் தீட்டிய சிலுவைக் காட்சி, நிறம் அவ்வளவாகக் கெடாமல் நிற்கிறது. மேதை எதை இழந்தார் என்பதை அந்தச் சுமாரான ஓவியர் காட்டிக்கொடுக்கிறார்.

இப்போது திங்கட்கிழமை. அன்று தேவாலயம், அதாவது துவோமோ. 1386இல் தொடங்கிய கட்டடம். கடைசி வெண்கலக் கதவு வைத்தது 1965இல். அதன் சலவைக்கல் கந்தோலியா மலையிலிருந்து பல நூற்றாண்டுகள் ஏரி, ஆறு, கால்வாய் என்று படகில் வந்தது. கட்டுமானத்துக்கான கல் என்று ஏ.யூ.எஃப். என முத்திரை இருந்தால் சுங்கம் கிடையாது. நகரத்துக்குள் படகு வந்து நின்ற குளத்தின் பெயர் இன்னும் ஒரு தெருவுக்கு இருக்கிறது: வியா லகெத்தோ.

மேல்தளத்துக்குக் கட்டாயம் போங்கள். உள்ளே இருப்பதைவிட அதுதான் மிலான். படிகள் சுமார் 250, அம்மாவுக்கு வேண்டாம். லிஃப்ட் டிக்கெட் தனி விலை. ஆனால் லிஃப்ட்டில் போனாலும் மேலே சில படிகள் உண்டு என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை கட்டியவருக்குப் பிரச்சினையே இல்லை. அரை டிரவுசரோடு போகும் ஆண்களைத்தான் திருப்பி அனுப்புவார்கள். சதுக்கத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் கயிறு கட்ட வருவான், இன்னொருவன் புறாவுக்குப் போடச் சொல்லிச் சோளம் தருவான். இரண்டுக்கும் பிறகு காசு கேட்பார்கள். கையை நீட்டாதீர்கள்.

தங்குவதற்குக் கதோர்னா பகுதி. மல்பென்சா எக்ஸ்பிரஸ் ரயில் நேராக அங்கே வருகிறது, சுமார் 40 நிமிடம். ஓவியக் கூடத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். துவோமோவுக்கு மெட்ரோ முதல் தடத்தில் மூன்றாவது நிறுத்தம், வெனிஸ் ரயில் கிளம்பும் சென்ட்ராலேவுக்கு இரண்டாம் தடத்தில் ஐந்தாவது. மெட்ரோவில் வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆளுக்கு ஓர் அட்டை. இறங்கும்போதும் அதே அட்டையைத் தட்ட வேண்டும். நகர டிக்கெட் மல்பென்சா ரயிலில் செல்லாது. ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வேலைநிறுத்தம். முன்பே அறிவித்துவிடுவார்கள், கிளம்பும் வாரம் தேடிப் பாருங்கள்.

செப்டம்பர் பின்பாதியில்தான் மகளிர் ஃபேஷன் வீக். அழைப்பில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், எகிறிய ஓட்டல் வாடகையை மட்டும் நீங்களும் கொடுப்பீர்கள். விடுப்பை இரண்டு வாரம் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாதென்றால் ரத்து செய்யக்கூடிய அறையை இன்றே பிடித்துவையுங்கள்.

விலையுயர்ந்த ஃபேஷன் கடைகள் வரிசைகட்டிய தெருவான வியா மோந்தேநாபோலியோனேயை வேடிக்கை பாருங்கள், செலவில்லை. எங்கே வாங்கினாலும் ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் போனால் வரி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது ரோமில். எனவே அந்தப் படிவத்தைச் சுங்கத்துறை சரிபார்ப்பதும் ரோம் விமான நிலையத்தில்தான். வாங்கிய பொருளைக் காட்டச் சொல்லலாம், பெட்டியை செக்-இன்னில் போடுவதற்கு முன்பே சுங்கப் பக்கம் போய்விடுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். குங்குமப்பூ மணக்க மஞ்சளாக வரும் மிலான் ரிசொத்தோ பார்க்க நம் பொங்கல் மாதிரியே இருக்கும். அதில் மாட்டெலும்பு மஜ்ஜையும் இறைச்சி வேகவைத்த நீரும் சேர்வதுதான் மரபு. எந்த ரிசொத்தோ, சூப் என்றாலும் “ப்ரோதோ தி கார்னே?” என்று கேளுங்கள், இறைச்சி நீரா என்று அர்த்தம். பார்மிஜானோ, கிரானா பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். “சென்சா ஃபொர்மாஜோ” என்றால் அதைத் தூவாமல் தருவார்கள். புதிதாகப் பிசைந்த தாலியாதெல்லே போன்றவற்றில் முட்டை உண்டு. ஸ்பகெத்தி, பென்னே என்று உலர்ந்த பாஸ்தாவில் பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். கவலையில்லாமல் சாப்பிட மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். பெயரில் கடல் இருந்தாலும் மீன் இல்லை, சீஸும் இல்லை. நம்மூர் காபி மாதிரி வேண்டுமென்றால் ‘கஃபே லத்தே’ என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் ‘லத்தே’ கேட்டால் ஒரு தம்ளர் பால் வரும். கவுன்டரில் நின்று குடித்தால் மலிவு, உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கூடும்.

வெனிஸ் டிக்கெட்டில் இறங்கும் நிலையம் ‘சாந்தா லூச்சியா’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘மெஸ்த்ரே’ என்றால் அது தரைப்பக்கம். கால்வாய்க் கரையில் இறங்க இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும், மூன்று பெட்டிகளோடு.