சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ட்ரிலை எடுங்கள்

கேள்வி: நிலாவெளியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறேன். நேரத்துக்கு மேசன் பாஸ் கிடைப்பதில்லை என்பதால் ரோட்டரி ஹமர் ட்ரில் ஒன்றை நானே வாங்கிவிட்டேன். குளியலறையில் சவர் பூட்டத் துளை போட்டபோது இரண்டு டைல்ஸ் வெடித்துவிட்டன. மெஷினில் கோளாறா?
— வாசகர், நிலாவெளி

பதில்: மெஷினில் ஒரு கோளாறும் இல்லை தம்பி, டைல்ஸில் ஹமரைப் போட்டதுதான் பிழை. அந்த மெஷினுக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்குகிறது, அமுங்கின காற்று ஒரு இரும்புக் கட்டையைத் தள்ளுகிறது, அந்தக் கட்டை, துளை போடுகிற பிட்டின் பின்பக்கத்தில் ஓயாமல் அடிக்கிறது. கொங்கிறீட்டை நொறுக்க அந்த அடி வேண்டும், கண்ணாடி மாதிரி இருக்கிற டைல்ஸ் அதைத் தாங்காது. சுத்தியல் படம் இல்லாமல் பிட் படம் மட்டும் இருக்கிற குறிக்குச் சுவிட்சைத் திருப்புங்கள், அதுவும் மோட்டார் முழுதாக நின்ற பிறகு. டைல்ஸுக்கு ஈட்டி முனை பிட் அல்லது வைர பிட் வேண்டும். அதன் தண்டு உருளையாக இருந்தால் இந்த மெஷினில் நேராகப் பொருந்தாது, பிட்டைக் கவ்விப் பிடிக்கிற தனிச் சக் ஒன்று வாங்கி மாட்ட வேண்டும், அந்தச் சக் மாட்டியிருக்கும்போது ஹமரைத் தொடவே கூடாது. குறி வைத்த இடத்தில் டேப் ஒட்டினால் முனை வழுக்காது. மெதுவாகச் சுற்றவிட்டு, வைர பிட் என்றால் ஈரப் பஞ்சை அவ்வப்போது ஒற்றிக் குளிர வையுங்கள், மெஷினுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

டைல்ஸைத் தாண்டினதும் நிறுத்துங்கள். பின்னால் இருப்பது கொங்கிறீட்டா கல்லா என்று பார்த்துத்தான் அடுத்த வேலை. கொங்கிறீட் என்றால் பிட்டை மாற்றி ஹமரைப் போடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் எழும்பின வீடுகளில் நிறையச் சீமெந்துக் கல் சுவர்கள். தட்டினால் பொள்ளென்று கேட்கிற கல்லில் ஹமர் போட்டால் முன்பக்கம் துளை அழகாகத் தெரியும், உள்பக்கம் உடைந்து விழுந்திருக்கும், அப்புறம் திருகாணிக்காகத் துளைக்குள் செருகுகிற ரோல் பிளக் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே சுற்று மட்டும் போதும்.

கேள்வி: வீட்டு மேல் தட்டில் மின்விசிறிக் கொழுக்கிக்குத் துளைக்கும்போது மெஷின் திடீரென்று நின்று என் கணவரின் கையை முறுக்கிவிட்டது. ஏணியிலிருந்து விழப் பார்த்தார். ஏன் அப்படி?
— வாசகி, கின்னியா

பதில்: கொங்கிறீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியில் பட்டிருக்கிறது தங்கச்சி. பிட் கம்பியில் சிக்கி நின்றுவிடும், மோட்டார் நிற்காது, அந்த விசை முழுவதும் மெஷினின் உடம்போடு சேர்த்துக் கையைச் சுழற்றும். எனக்கும் ஒருமுறை உப்புவெளியில் ஒரு பீமில் இப்படி ஆகி, மணிக்கட்டு வீங்கி இரண்டு கிழமை கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை. பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கையால் பிடித்ததுதான் நான் விட்ட பிழை. நல்ல மெஷின்களில் இதற்காகவே ஒரு கிளச் இருக்கிறது, பிட் சிக்கினால் அது விட்டுக்கொடுக்கும், ஆனாலும் அதை மட்டும் நம்பி இரண்டாவது கையை எடுக்காதீர்கள். ஏணியில் நின்று தலைக்கு மேலே துளைக்கவும் வேண்டாம், பலகை போட்ட சாரம் ஒன்றில் இரண்டு காலையும் ஊன்றி நிற்கட்டும்.

கம்பி பட்டால் அமுக்கி வெட்டப் பார்க்காமல் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பீமிலும் தூணிலும் அந்தக் கம்பிதான் வீட்டைத் தாங்குகிறது, பிட்டின் முனையும் உடைந்துபோகும். அதோடு மின்விசிறியை ரோல் பிளக்கில் தொங்கவிடவே வேண்டாம், கொங்கிறீட்டுக்கென்று விற்கிற இரும்பு அங்கர் போல்ட்தான் வேண்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காத வகையாக. தட்டுக்குள் மின்சார வயர் ஓடலாம் என்பதால் அந்த அறையின் சுவிட்சை போர்டில் நிறுத்திவிட்டு வேறு அறையிலிருந்து மெஷினுக்கு வயர் இழுங்கள், அந்த லைனில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட்.

தூசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. கொங்கிறீட்டிலும் செங்கல்லிலும் எழும்புகிற மாவில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. தொழிலிடங்களில் சுவாசிக்கிற இந்தத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997 இலேயே வகைப்படுத்திவிட்டது. லேஞ்சியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசம் போடச் சொல்லுங்கள், கண்ணுக்கு மூடிய கண்ணாடியும் வேண்டும். ஐஸ்கிறீம் கப் ஒன்றின் அடியில் துளை போட்டு பிட்டில் கோர்த்துவிட்டால் மேலிருந்து கொட்டுகிற மாவில் பெரும்பகுதி அதற்குள் விழும்.

கேள்வி: இதே மெஷினால் கூரை அஸ்பெஸ்டஸ் தகட்டிலும் துளைக்கலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம் ஐயா. அந்தத் தூசி சிலிக்காவைவிடப் பயப்பட வேண்டியது, வேகமாகச் சுற்றுகிற எந்த மெஷினும் அதைக் காற்றில் கலந்துவிடும். தகடும் கால் வைத்தால் உடையக்கூடியது. கூரையைத் தொடாமல் கீழே மரத்தில் கட்ட வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மரத்துக்கும் இரும்புக்கும் தனி ட்ரில் வாங்க வேண்டுமா?
— வாசகர், உவர்மலை

பதில்: எப்போதாவது ஒரு துளை என்றால் வேண்டாம். ஹமரை நிறுத்தி, மேலே சொன்ன சக்கை மாட்டி, மரத்துக்கு மர பிட்டும் இரும்புக்கு இரும்பு பிட்டும் போடுங்கள். இரும்பில் முதலில் புள்ளி குத்தி, மெதுவாக, ஒரு சொட்டு எண்ணெயோடு. தகட்டைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போடுங்கள். கொங்கிறீட் பிட்டைத் திரும்ப மாட்டும்போது தண்டின் பள்ளத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள், மாட்டின பிறகு பிட் ஒரு சென்டிமீட்டர் அளவு முன்னும் பின்னும் ஆடும், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.