அளவு மீறிய கஞ்சா: முதல் சில மணித்தியாலங்கள்

ரொறன்ரோ நகர அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். கனடாவில் கஞ்சா 2018 ஒக்டோபர் 17 முதல் சட்டபூர்வமாகியது. உணவுப் பண்டமாக விற்பதற்கான விதிகள் சரியாக ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தன. ஆயினும், எம்மவர் வீடுகளில் அது இன்னமும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் விடயமாகவே இருக்கிறது. அந்தக் கூச்சத்தால் வீணாகும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து வருந்தியதாலேயே உங்கள் கேள்விகளுக்குப் பதில் எழுத ஒப்புக்கொண்டேன்.

என் தம்பிக்கு வயது 22. நண்பர் வீட்டில் கஞ்சா சேர்த்த ஒரு கம்மி (gummy) எனப்படும் மெல்லும் இனிப்பைச் சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் ஒன்றும் தெரியாததால் இன்னும் இரண்டு சாப்பிட்டிருக்கிறான். இப்போது நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடுவேன் என்று அழுகிறான். என்ன செய்வது?

நாங்கள் அதிகம் காண்பது இதைத்தான். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உண்டாலோ வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணித்தியாலம் வரை எடுக்கும், உச்சத்துக்கு வர நான்கு மணித்தியாலம்கூட ஆகலாம். ஈரல் அதனை இன்னும் வலுவான ஒரு பொருளாக மாற்றி இரத்தத்தில் சேர்ப்பதால் தாக்கமும் கடுமையாக இருக்கும். முதலாவது வேலை செய்யவில்லை என்று நினைத்து உண்ட இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதோடு சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறுகின்றன.

ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு, வேறு எதுவும் கலந்து எடுக்காதவிடத்து, இது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதல்ல. ஆனால் அவருக்கு அது மரணம் போலவே தோன்றும் என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அண்மையில் வந்த ஒரு பையன், சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் அவனுடைய கையைப் பிடித்து என் மணிக்கூட்டின் நொடிமுள்ளைக் காட்டி, அது ஒரு சுற்று வரும்வரை சேர்ந்து மூச்சு விடச் சொன்னேன். பத்தாவது சுற்றில் அவனுடைய தோள்கள் தளர்ந்தன. உங்கள் தம்பிக்கும் அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறையுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழக்கூடும் என்பதால் கழிவறைக்குத் தனியே அனுப்பாதீர்கள். தூங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடைக்கிடை தட்டி எழுப்பிப் பாருங்கள். ஏசுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றிரவு ஏச்சு பதற்றத்தைக் கூட்டும்.

தேசிக்காய்த் தண்ணீர், மோர், மிளகு என்று பலரும் சொல்கிறார்களே? விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாமா?

வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அரைமயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நல்ல தெளிவோடு இருப்பவர் தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் எதுவும் மயக்கத்தை முறிக்காது. கஞ்சாவுக்கு மருத்துவமனையிலும் முறிவு மருந்து கிடையாது. நாங்களும் கண்காணித்து, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்து, நேரம் போகக் காத்திருக்கிறோம். தூங்கட்டும் என்று வீட்டிலுள்ள தூக்கக் குளிகையையோ மதுவையோ கொடுப்பது உண்மையில் ஆபத்தானது.

எந்தக் கட்டத்தில் 911ஐ அழைக்க வேண்டும்? காவல்துறை வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் அல்லது மூச்சு மிக மெதுவாதல், வலிப்பு, தட்டியும் எழும்பாத மயக்கம், தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனைதல் ஆகிய இவற்றில் எது தெரிந்தாலும் உடனே அழையுங்கள். மூச்சு மெதுவானால் வேறு போதைப்பொருள் கலந்திருக்கலாம் என்று கருதி, ஹெரோயின், ஃபென்ரனில் போன்றவற்றின் தாக்கத்தை முறிக்கும் மருந்தான நலொக்சோன் கையில் இருந்தால் கொடுத்துவிடுங்கள். தேவையில்லாதவருக்கு அது தீங்கு செய்யாது. காவல்துறையைப் பொறுத்தவரை, உதவிக்கு அழைப்பவரையும் அந்த இடத்தில் இருப்பவர்களையும், சிறிதளவு போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2017 முதல் கனடாவில் உள்ளது. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அழைப்பதா வேண்டாமா என்ற ஐயம் மட்டுமே இருந்தால், நச்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் கேட்கலாம்.

மூன்று வயது மகன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த சொக்லேட்டில் ஒரு துண்டு தின்றுவிட்டான். கணவர் அது கஞ்சா சொக்லேட் என்று இப்போதுதான் சொன்னார். பிள்ளை தூங்கி வழிகிறான். தூங்கி எழும்பட்டுமா?

இல்லை, அம்மா, காத்திருக்க வேண்டாம். உடனே 911ஐ அழையுங்கள். முதல் கேள்விக்கு நான் சொன்ன ஆறுதல் எதுவும் சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு ஆழ்ந்த மயக்கமும் மூச்சு அடங்குவதும் நேரலாம், சில பிள்ளைகளைச் செயற்கைச் சுவாசத்தில் வைக்க நேர்கிறது. அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் நச்சுத் தகவல் நிலையத்தை உடனே கேட்க வேண்டும். பொதியை மறக்காமல் எடுத்து வாருங்கள். சட்டப்படி விற்கப்படும் உணவுப் பண்டத்தின் ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி (THC, கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருக்கக்கூடாது. கள்ளச் சந்தைப் பொதிகளிலோ அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம், அவை பிள்ளைகளின் இனிப்பைப் போலவே பளபளக்கும். வந்ததும் கணவர் உண்மையைச் சொல்லட்டும். அதை மறைத்தால், மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று நாங்கள் பிள்ளையின் முதுகுத்தண்டில் ஊசி குத்தித் தேட வேண்டிவரும்.

மாமி முழங்கால் வலிக்குக் கஞ்சா எண்ணெய் கூடுதலாகக் குடித்துவிட்டார். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்.

இன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள். கஞ்சா, வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கலாம்; முதியவர்களின் இதயத்துக்கும் அது சுமை. அவர் விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் நேரே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பல ஆண்டுகளாகத் தினமும் புகைக்கிறேன். சில மாதங்களாக நாள் முழுக்க வாந்தி; சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் நிற்கிறது.

இது ஒரு இரவில் அளவு மீறியதால் வருவதல்ல, நெடுநாள் பயன்பாட்டால் வருவது. 2004இல் தென் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் இதை முதலில் விவரித்தபோது, சுடுநீர்க் குளியலைத்தான் அடையாளமாகக் குறித்தார்கள். வாந்தியால் உப்புச்சத்தும் நீரும் குறைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுமுன் வாருங்கள். கஞ்சாவை முற்றாக நிறுத்துவது ஒன்றே இதைத் தீர்க்கிறது. அதற்குத் துணை தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள், நாங்கள் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்.

காலையில் தெளிந்துவிட்டால் வேலைக்குக் கார் ஓட்டலாமா?

வேண்டாம். உண்டதன் எச்சம் 24 மணித்தியாலம் வரை நிற்கலாம். பேருந்தில் போங்கள், அல்லது அன்று விடுப்பு எடுங்கள்.