கேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மெதுவான நட்சத்திரம்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆனி மாத இரவு தொலைநோக்கி வைத்தபோது நண்பர்கள் கேட்டு, நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகளுக்குப் பதில்கள்.

ஐயா, சிவந்த கேட்டைக்குக் கீழே இருந்ததைக் காட்டி, "இது ஒரு சுற்றுச் சுற்ற 41 நாள்" என்றீர்கள். சூரியனுக்கே 25 நாளுக்கு மேல் ஆகிறதே, இதில் என்ன வியப்பு? (மாணவர், முதுநகர்)

சூரியன் 460 கோடி ஆண்டு ஓடிக் களைத்தது, தம்பி. நான் காட்டிய டாவ் ஸ்கார்பி அதற்குக் குழந்தை. எடையோ சுமார் 15 மடங்கு. அந்த வகையில் பல ஓரிரு நாளிலேயே சுற்றி முடித்துவிடும். இதை இழுத்துப் பிடிப்பதில் காந்தப்புலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பலம் சுமார் 500 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நம் பூமிக்கு அரை காஸ்தான்.

காந்தம் எப்படி பிரேக் போடும்? (பத்தாம் வகுப்பு மாணவி)

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துச் சுற்றிப் பார், பாப்பா. கையை நீட்டியதும் வேகம் குறையும். நீட்டியபடியே பாட்டில்களை விட்டுவிட்டுக் கையை மடக்கு. பழைய வேகம் வராது. பாட்டில்கள் தங்கள் பங்கைக் கொண்டு போய்விட்டன.

இந்த நட்சத்திரங்களில் ஒளியே வாயுவை வெளியே தள்ளுகிறது. காந்தக் கோடுகள்தான் நீட்டிய கை. வாயுவை வெகுதூரம் வரை பிடித்துத் தன்னோடு சுற்றவைத்து, அப்புறம்தான் விடும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனால் சுழற்சி கரையும். இது வெறும் ஊகம் இல்லை. ஓரையன் விண்மீன் கூட்டத்தில் உள்ள சிக்மா ஓரையனிஸ் ஈ என்ற நட்சத்திரம் 1.19 நாளில் சுற்றுகிறது. அந்தச் சுற்று நேரம் ஆண்டுக்கு 77 மில்லிநொடி கூடுவதை 2010-இல் அளந்தே சொன்னார்கள். எனக்கு இன்றும் சிலிர்க்கும் விஷயம் இது. எச்டி 108 என்ற நட்சத்திரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 55 ஆண்டு எடுக்கிறது!

அங்கே காந்தம் இருப்பது எப்படித் தெரியும்?

நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கோடுகள் தெரியும். காந்தப்புலம் இருந்தால் அந்த நிறமாலைக் கோடுகள் பிரியும். டச்சு இயற்பியலாளர் சீமன் 1896-இல் கண்டது.

காந்தம் எங்கிருந்து வந்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்)

சூரியனின் மேலடுக்கு உலைநீர் போலக் கொதித்துக் காந்தத்தை உண்டாக்குகிறது, ஐயா. கனமான நட்சத்திரங்களில் அப்படி ஒரு அடுக்கு இல்லை. நூற்றில் பத்துக்கும் குறைவானவற்றில்தான் வலுவான காந்தம். இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றானால் அது பிறக்கும் என்று 2019-இல் கணினிக் கணக்கு காட்டியது. டாவ் ஸ்கார்பிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

என் பேத்தி கேட்டை நட்சத்திரம். அந்தக் காந்தம் அவளை ஏதாவது செய்யுமா?

ஒன்றும் செய்யாது, அம்மா. டாவ் ஸ்கார்பி ஏறத்தாழ 470 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஆனால் கேட்டையின் மூன்று நட்சத்திரங்களில் அதுவும் ஒன்று. இருட்டியதும் பேத்தியை அழைத்து வாருங்கள். தென்கிழக்கே, வெறும் கண்ணுக்கே தெரியும்.