சுவரோவியம் வரையறவங்களுக்கு: கேள்வி பதில்

தாராபுரத்திலிருந்து: அண்ணா, புது வீடுங்க. பூசி ரெண்டு வாரம் ஆச்சு. கிரகப்பிரவேசத்துக்குள்ள வெளிச்சுவத்துல மயில் வேணும்ங்கறாங்க. ஆரம்பிக்கட்டுங்களா?

வேண்டாமுங்க. சிமென்ட் பூச்சுக்கு 28 நாளாவது விடணும், மழை மாசமுன்னா இன்னும் கூட. ஈரத்தைவிட சிமென்ட்டுக்குள்ளே இருக்கற சுண்ணாம்புக் காரம்தான் வண்ணத்தைத் தின்னும். பிரஷ்யன் நீலம் அதுல பழுப்பாயிரும். மயில் கழுத்துக்குக் கை முதல்ல போறதும் அந்த டப்பாவுக்குத்தான். தாலோ நீலம், அல்ட்ராமரைன் ரெண்டும் காரத்தைத் தாங்கும்.

ஈரம் பார்க்க, ரெண்டடிக்கு ரெண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயலை. தேதி மாறாதுன்னா மயிலைப் பலகையில வரைஞ்சு மாட்டிக் குடுத்துருங்க.

காங்கேயம் பக்கமிருந்து: தோட்டத்துச் சுவத்துல காளை வரைஞ்சேன். "இது நம்ம மாடில்ல"ன்னுட்டாரு தோட்டத்துக்காரர். எங்கீங்க தப்பு?

பெரும்பாலும் கொம்புலதானுங்க. காங்கேயம் கொம்பு வெளியே விரிஞ்சு, பின்னால வளைஞ்சு, நுனியில மறுபடி உள்ளே திரும்பும். முன்னாலிருந்து பார்த்தா வட்டம் மூடப் போற மாதிரி இருக்கும். நேரா மேலே தூக்கிட்டா வேற ஊர் மாடாயிரும்.

அடுத்தது நிறம். மயிலைக் காளைன்னா சாம்பல் நிறக் காளை, ஆனா உடம்பெல்லாம் ஒரே சாம்பல் கிடையாது. திமிலும் முன்சப்பையும் பின்சப்பையும் கருத்து, நடு உடம்பு வெளுத்திருக்கும். காயடிச்ச வண்டி மாட்டுக்கு அந்தக் கருப்பு குறைவு. பக்கத்துல இளங்கன்னு நிக்குதுன்னா அது செவப்பா இருக்கணும். ஆறு மாச வாக்குலதான் சாம்பலுக்கு மாறும். மாடு வளர்க்கறவங்க கண்ணுக்கு இதெல்லாம் உடனே படும். அதனால பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தோட்டத்து மாட்டையே நாலு பக்கமும் படம் பிடிச்சுக்குங்க.

சாம்பலை வெள்ளையும் கருப்பும் மட்டும் வெச்சுக் கலக்காதீங்க, நீலமடிச்சு உசுரில்லாமப் போயிரும். பர்ன்ட் அம்பர்ங்கற அடர் பழுப்பு ரெண்டு பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு சேர்த்து அடர் நிறம் செஞ்சு, அதை வெள்ளைக்குள்ள சொட்டுச் சொட்டா விடுங்க. திமிலுக்கு ஒண்ணு, நடு உடம்புக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் இடையில ஒண்ணுன்னு மூணு டப்பா முதல்லயே கலக்கி வெச்சுக்குங்க. பாதியில தீர்ந்தா அதே நிறத்தை மறுபடி பிடிக்கறது பெரும்பாடு. எமல்ஷன் காய்ஞ்சா ஒரு படி அடர்த்தியாகும், அதனால சுவர் ஓரத்துல தேய்ச்சுக் காயவிட்டுப் பார்த்துட்டுத் தொடங்குங்க.

திருப்பூரிலிருந்து: கம்பெனிச் சுவத்துல வரைஞ்ச டிசைனை டி-ஷர்ட்ல அச்சடிச்சு விக்கறாங்க. காசு கேக்கலாமுங்களா?

எழுத்துல என்ன இருக்குதுங்க? ஒண்ணுமே இல்லேன்னா சிரமம். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுப்படி, காசு குடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லாதபட்சத்துல, வரையச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நம்ம ஆளுக நிறைய பேர் இதைத் தலைகீழா நினைச்சுட்டு இருக்காங்க. 57ஆவது பிரிவு மட்டும் உங்க பக்கம் நிக்குது: உரிமை கைமாறினாலும், வரைஞ்சது நான்தான்னு சொல்லிக்கற உரிமை உங்களுக்குத்தான்.

அடுத்த வேலைக்கு மூணு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க: "இந்த ஓவியம் இந்தச் சுவருக்கு மட்டும். பதிப்புரிமை ஓவியருக்கே. துணியிலோ வேறு பொருளிலோ அச்சிடத் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம்." பனியன் ஊர்ல இந்த மூணு வரி இல்லாமப் பிரஷைத் தொடவே கூடாதுங்க.

ஈரோட்டிலிருந்து: ஸ்கெட்சுக்குச் சரின்னுட்டு, பாதி வரைஞ்சப்புறம் மாத்தச் சொல்றாங்க. மாத்துனா நட்டம், மாத்தலைன்னா சண்டை.

ஸ்கெட்சை ஃபோன்ல அனுப்பறதோட விடாதீங்க. ஏ3 தாள்ல நிறத்தோட அச்செடுத்து, அதுமேலயே கையெழுத்து வாங்குங்க. ஸ்கெட்ச்ல ரெண்டு தடவை திருத்தம் இலவசம், சுவத்துல கோடு ஏறினப்புறம் எந்த மாத்தமும் நாள் கூலிக் கணக்கு. பணத்தையும் அப்படியே பிரிங்க: ஸ்கெட்ச் முடிவானதும் 40 சதவீதம், அடி நிறம் முடிஞ்சதும் 40, மிச்சம் கடைசியில. அப்ப நடுவுல நின்னு போனாலும் பெயின்ட் காசு உங்க தலையில விழாது.

20க்கு 10 அடிச் சுவர் 200 சதுர அடி. வெளிச்சுவர் எமல்ஷன் ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50, 60 சதுர அடிதான் வரும், சொரசொரப்புன்னா அதுவும் வராது. அடி நிறத்துக்கே நாலு லிட்டர் போயிரும். பிரைமர், சாரம் வாடகை, உதவியாள் கூலி எல்லாம் போட்டு, ஸ்கெட்சுக்கு உக்காந்த நாளையும் கூட்டுங்க. எல்லாரும் விட்டுடறது அந்த நாளைத்தான்.

கோபியிலிருந்து: வெத்துச் சுவரைப் பார்த்தா ஒண்ணும் தோண மாட்டேங்குதுங்க.

சுவரைப் பார்க்காதீங்க, சுவரைப் பார்க்கறவங்க நிக்கற இடத்துக்குப் போய் நில்லுங்க. ரோட்டுலிருந்து 30 அடின்னா நுணுக்கம் எதுவும் தெரியாது. எழுத்துக்கூட 10 அடி தூரத்துக்கு ஒரு அங்குலம்னு உயரம் வெச்சாத்தான் சுலபமாப் படிக்க வரும். தீப்பெட்டி அளவுல 12 கட்டம் போட்டு, ஒவ்வொண்ணுலயும் வெள்ளை, சாம்பல், கருப்பு மூணே நிறத்துல கிறுக்குங்க. முதல் நாலஞ்சு எல்லாரும் போடறதாத்தான் வரும். அதுக்கப்புறம் வர்றதுலதான் உங்க யோசனை தெரிய ஆரம்பிக்கும்.

உடுமலையிலிருந்து: ஆடிக் காத்துல வேலை எடுக்கலாமுங்களா?

உள்சுவர்னா எடுங்க. வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மண்ணை அள்ளி ஈரப் பெயின்ட்ல ஒட்டிரும், சாரமும் ஆடும். தை, மாசி நல்ல காலம். சித்திரையில வரையறதா இருந்தா நிழலைத் தொடர்ந்து போங்க: மேக்கு பார்த்த சுவர் காலையில, கிழக்கு பார்த்தது மத்தியானத்துக்கு மேல.