பலசாலி ஆணுக்குத்தான் ஜோடி கிடைக்குமா? விலங்குகளில் இதை எப்படி ஆராய்கிறார்கள்?

எனக்கு ஊர் பரங்கிப்பேட்டை. அதனால் நண்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். பலம் உதவும்தான், ஆனால் பெண் அதை நேராகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்ல முடியாது.

பிச்சாவரம் கழியில் தண்ணீர் வற்றியதும் பிடில் நண்டுகள் சேற்றில் வெளியே வரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதிவரைகூடப் போகும். பாவம், அதை வைத்துச் சாப்பிடவும் முடியாது. பெண் இரண்டு சின்னக் கொடுக்காலும் சேற்றை அள்ளித் தின்றபடி நகரும். அது பக்கத்தில் வந்ததும் ஆண் வளை வாசலில் நின்று பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும்.

இந்தக் கொடுக்கு முறிந்துபோனால் மறுபடி முளைக்கும். நீளத்தில் பழையதுபோலவே இருக்கும், ஆனால் எடை குறைவு, பல் இருக்காது. நம் பக்கமும் இருக்கும் யூகா அன்னுலிப்ஸ் இனத்தை மொசாம்பிக்கில் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள்: 44 சதவீத ஆண்கள்வரை இப்படி முளைத்த கொடுக்கோடுதான் திரிந்தன. பெண்கள் வித்தியாசமே பார்க்கவில்லை!

அப்போ பலத்தை எப்படி அளப்பது? 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆஸ்திரேலிய இனம் ஒன்றில் கொடுக்கின் கவ்வும் விசையையும், பிடித்து இழுத்தால் தாங்கும் விசையையும் தனித்தனியாக அளந்தார்கள். அசல் கொடுக்கு பெரிதானால் விசையும் கூடியது. முளைத்த கொடுக்கில் அந்தக் கணக்கு உதைத்தது. இந்த மாதிரி வேலையில் ஒரு தொல்லை, பிராணிக்கு மனசு வந்தால்தான் முழு பலத்தோடு கடிக்கும். அதனால் பல முறை கடிக்கவிட்டு உச்ச அளவை எடுப்பதுதான் வழக்கம்.

பெண்ணின் விருப்பத்தை அறிய எனக்குப் பிடித்த வழி ரோபோ கொடுக்கு. உயிருள்ள ஆணில் அளவு, வேகம், வளை எல்லாம் கலந்து குழப்பும். ரோபோவில் ஆட்டும் வேகத்தை மட்டும் மாற்றலாம். 2018-இல் வந்த அப்படியொரு ஆய்வில், போகப்போக வேகத்தைக் கூட்டிய ரோபோவைத்தான் பெண்கள் அதிகம் விரும்பின.

சரி, கவ்வும் விசை வீணா? இல்லை. பெண் கொடுக்கைப் பார்த்து வந்தாலும் வளைக்குள் இறங்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்கும், முட்டையை அங்கேதான் அடைகாக்க வேண்டும். வளையைக் காக்கும் சண்டையிலோ முளைத்த கொடுக்குக்காரனுக்குத் தோல்வி அதிகம்.